பல் முளைக்கிற காய்ச்சலா?

குழந்தைக்கு ஆறு மாதம். உடம்பு சுடுகிறது, எச்சில் ஒழுகுகிறது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறது. "பல்லு முளைக்குது, அதான்" என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிடுவார். பொன்முடி மலையடிவாரத்து வித்துராவில், தேயிலை பறிக்க வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தத் தீர்ப்பு புதிதல்ல.

பல் முளைக்கும்போது உடம்பு லேசாகச் சுடலாம். 102 டிகிரி அடிக்காது. ஆறாவது மாதத்தில் இன்னொன்றும் நடக்கிறது. கருவில் இருந்தபோது தாய் கொடுத்தனுப்பிய ஆன்டிபாடிகள் ஏறக்குறைய தீர்ந்துபோகும் சமயம் அது. இனி உடம்பு சொந்தமாகத் தயாரித்தாக வேண்டும். சில குழந்தைகளால் அது முடிவதில்லை. காதில் சீழ், நிமோனியா என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

1952-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், அடிக்கடி நோயில் விழுந்த 8 வயதுச் சிறுவனின் ரத்தத்தைச் சோதித்தார். ஆன்டிபாடிகள் அடங்கிய காமா குளோபுலின் இல்லவே இல்லை. அதை ஊசியாகப் போட்டதும் பையன் தேறினான். இன்றும் அடிப்படைச் சிகிச்சை அதுதான்: ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றுகிறார்கள்.

புரூட்டன் கண்ட இந்த நோய்க்கு வாய்க்குள்ளேயே ஒரு தடயம் உண்டு. நாக்கை அழுத்தி டார்ச் அடித்தால், தொண்டையின் இருபுறமும் டான்சில் பொட்டளவுதான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வீங்கிய டான்சிலைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, இல்லாத டான்சில் எளிதில் படுவதில்லை.

இனி பல். ஏற்றப்படும் மருந்தில் இருப்பது பெரும்பாலும் ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடி. எச்சிலில் காவலுக்கு நிற்பதோ ஐஜிஏ என்ற இன்னொரு வகை. மருந்தில் அது பெயரளவுக்குத்தான். ஐஜிஏ மட்டும் குறைந்த பலர் தொந்தரவே இல்லாமல் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் இந்தக் குழந்தைகளின் பல்லுக்கு வேறு எதிரிகள் உண்டு. மாதக்கணக்கில் இனிப்பு ஆன்டிபயாடிக் சிரப். அதுவும் தூங்கப்போகும் நேரத்தில், எச்சில் சுரப்பு குறைகிற வேளையில். மூக்கடைப்பால் வாய்வழியே மூச்சு, அதனால் வாய் வறட்சி. மேல் முன்பல்லில் ஈறை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு விழும். கவனிக்காமல் விட்டால் அது பழுப்பாகிக் குழியாகிவிடும்.

"விழப்போற பால்பல்லுதானே?" இது பாட்டியின் அடுத்த தீர்ப்பு. இந்தப் பிள்ளைகளுக்கு வேரில் கட்டும் சீழ் சின்ன விஷயமல்ல. சிரப் கொடுத்ததும் வாயைக் கழுவ வேண்டும், அல்லது ஈரத்துணியால் துடைக்க வேண்டும். 3 வயது வரை ஃபுளோரைடு பேஸ்ட் அரிசியளவு, அப்புறம் பட்டாணியளவு. தேய்த்துவிடுவது பெரியவர்கள் வேலை. பல் பிடுங்குவதற்கு முன் குழந்தையின் நோயைப் பல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஆன்டிபயாடிக் தேவையா என்பதை இரண்டு டாக்டர்களும் பேசி முடிவுசெய்வார்கள்.

வித்துராவிலிருந்து நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. நல்லவேளை, குழந்தைகளுக்கான எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் ஒரே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கின்றன. காலையில் ஒரு சீட்டு, மத்தியானத்துக்குள் இன்னொன்று எடுத்துவிட்டால் ஒரே நாளில் இரண்டு இடத்திலும் காட்டித் திரும்பலாம்.