காலை மட்டும் பார்த்தால் போதாது

காரிமங்கலம் பக்கம் வயல் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சேற்றுப்புண் புதிதல்ல. விரலிடுக்கு வெடித்திருக்கும், யாரும் சட்டை செய்வதில்லை. ஒருநாள் குளிர்காய்ச்சலோடு கால் சிவந்து வீங்கும், தொட்டால் சுடும். வெடிப்பு வழியே கிருமி தோலுக்கடியில் இறங்கிவிட்டது. டாக்டர்கள் இதைச் செல்லுலைட்டிஸ் என்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்.

வீட்டில் அக்கி என்று நினைத்துக் காவி எழுதுவார்கள், சுண்ணாம்பும் மஞ்சளும் பற்றுப் போடுவார்கள். இரண்டு நாள் ஓடிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இன்னும் மோசம்: சிவப்பு மட்டுப்பட்டதுபோல் தெரியும், உள்ளே கிருமி பரவும். இதற்கு மருத்துவர் எழுதித் தரும் ஆன்டிபயாடிக்தான் வைத்தியம். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். மருந்து தொடங்கி இரண்டு நாளாகியும் சிவப்பு கோட்டைத் தாண்டிப் போனால் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோல் கறுத்தாலோ, கொப்புளம் கண்டாலோ, வலி தாங்க முடியாவிட்டாலோ, நினைவு தடுமாறினாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

மாத்திரையோடு வேலை முடிந்துவிடாது. மைரா லெவின் என்ற அமெரிக்கச் செவிலியர் 1967இல் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும்: நோயாளியின் உடல் தெம்பு, உடலின் கட்டமைப்பு, சுயமரியாதை, குடும்ப – சமூக உறவு, இந்த நான்கையும் சேர்த்துக் காப்பதே செவிலியம். கூலிக்குப் போகும் பெண்ணிடம், “ஒரு வாரம் காலை உயர்த்தி வைத்துப் படுங்கம்மா” என்று சொல்வது சுலபம். மாட்டுக்குத் தீவனம் யார் போடுவது? அதைக் கேட்டு, மகனையோ மருமகளையோ பக்கத்தில் உட்காரவைத்துப் பேசும் நர்ஸ்தான் பாதி வைத்தியத்தைச் செய்கிறார். தொடைவரை புடவையை விலக்கும் முன் திரையை இழுத்துவிடுவதும் அந்த வைத்தியத்தில் சேர்த்திதான். இது சலுகை அல்ல, நோயாளியின் உரிமை.

அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். சந்தேகத்துக்கு 104இல் கேட்கலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெறலாம்; படுக்கையில் சேரும்போதே அட்டையைக் காட்டிக் கேளுங்கள். சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியதே நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. குறை இருந்தால் எழுத்தில் கொடுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு வாங்குவார்கள்.

ஒருமுறை வந்த காலில் செல்லுலைட்டிஸ் திரும்ப வரலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது விரலிடுக்குப் புண்ணுக்கு என்ன மருந்து, அடுத்து எப்போது வர வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.