சொத்தும் சூழ்ச்சியும்

வில்கி காலின்ஸ் எழுதிய 'வெள்ளுடைப் பெண்' என்ற ஆங்கில நாவல் விக்டோரியா மகாராணியார் காலத்தது. சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 1859 நவம்பர் முதல் 1860 ஆகஸ்டு வரை தொடர்கதையாக வந்தது. பேய்க்கதை போலத் தொடங்கினாலும் உண்மையில் அது ஒரு சொத்துக் கதை.

கதைத்தலைவி லாரா தாய் தந்தையை இழந்தவள். தந்தை விரும்பிய வரன் என்பதற்காகவே சர் பெர்சிவல் என்பவனை மணக்கிறாள். அவனோ கடனில் மூழ்கியவன். அவள் பிள்ளையின்றி இறந்தால் அவளுடைய 20,000 பவுன் அவனுக்குச் சேரும். அவளது அத்தைக்கும் ஒரு கணக்கு உண்டு. லாராவுக்குப் பின் அத்தை உயிரோடிருந்தால்தான் அவளுக்கு 10,000 பவுன் கிடைக்கும். உடன்பிறந்தவரின் மகள் நெடுநாள் வாழ்வதே கண்ணை உறுத்தும் பொறாமையை என்னவென்று சொல்வது! அத்தையின் கணவன் ஃபாஸ்கோ பிரபுதான் சூழ்ச்சிக்கு மூளை. லாராவைப் போலவே தோற்றமுடைய ஆன் என்ற நோயாளிப் பெண் இறந்ததும், அவளை லாராவின் பெயரில் புதைத்துவிட்டு, லாராவை ஆனின் பெயரில் மனநோய் விடுதியில் அடைக்கிறார்கள்.

ஆனால் எங்கள் மனத்தில் நின்றது அதற்கு முந்திய ஒரு காட்சி. பெர்சிவல் ஒரு பத்திரத்தை மடித்து, கையெழுத்திடும் இடம் மட்டும் தெரியும்படி மனைவியிடம் நீட்டுகிறான். "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று அவள் கேட்கிறாள். அவன் சொல்ல மறுக்கிறான். அவளும் கையெழுத்திட மறுக்கிறாள். கதை முழுவதும் பயந்து நடுங்கும் லாரா அந்த ஓரிடத்தில் மட்டும் அசையவில்லை.

இது சீமைக் கதைதானே என்று எண்ண வேண்டாம். நம் அண்டைச் சீமையாம் சிவகங்கையில் ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829இல் ஆண் வாரிசின்றி இறந்தார். அவருடைய சகோதரரின் மக்கள் ஜமீனைக் கைக்கொண்டனர். மனைவி அங்கமுத்து நாச்சியார் வழக்காடினார். அவருக்குப் பின் ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றார். ஜமீன் கௌரி வல்லபர் தாமே பெற்ற சொத்து. ஆகவே அது மனைவிக்கும், பின்பு மகளுக்குமே உரியது என்று 1863இல் தீர்ப்பாயிற்று. நாவல் முடிந்து மூன்றே ஆண்டு. ஆனால் ஜமீன்தார் இறந்து முப்பத்து நான்கு ஆண்டு!

நம் மாவட்டத்தின் தலைநகர் விருதுநகர் என்றாலும், மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். இராஜபாளையத்தில் பேருந்து ஏறி, பத்திரக் கட்டை மஞ்சள் பையில் இடுக்கிக்கொண்டு அங்கே செல்வோரை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களில் அக்கா தங்கைகளும் உண்டு.

இன்று சட்டம் நம் பக்கம் இருக்கிறது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகனுக்குள்ள உரிமையைத் தமிழ்நாடு 1989இல், அதுவரை மணமாகாத பெண்களுக்கு வழங்கியது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் மணமானவர்களுக்கும் அதை அளித்தது. கிறிஸ்தவக் குடும்பங்களில் தந்தை உயில் எழுதாமல் இறந்தால், 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு.

அப்படியானால் பெண்களின் பங்கு எங்கே போகிறது? பெரும்பாலும் 'விடுதலைப் பத்திரம்' என்ற காகிதத்தில் போகிறது. "எனக்குப் பங்கு வேண்டாம், விட்டுக்கொடுக்கிறேன்" என்று சகோதரி எழுதிக்கொடுப்பதே அது. மனமுவந்து கொடுப்பவர்கள் உண்டு. அதில் குறை காண நமக்கு உரிமையில்லை. "கல்யாணத்துக்குத்தான் நகை போட்டோமே, ஒரு கையெழுத்துதானே" என்று அவசரப்படுத்தி வாங்குவது வேறு. தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற அச்சத்தில் படிக்காமலே இடும் கையெழுத்து அது.

விடுதலைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் முன்னிலையில் பதிவு செய்ய வேண்டும். கையெழுத்திடுபவர் அங்கே செல்வதால், பத்திரத்தை வாங்கி முழுவதும் படிக்கவும், நகல் கேட்கவும், "இன்று வேண்டாம்" என்று திரும்பி வரவும் அவருக்கு உரிமை உண்டு. ஏமாற்றி வாங்கிய கையெழுத்தானால் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். ஏமாற்றம் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.