பூனைக்குப் பாலா? வேண்டாம்மா!

எங்கள் வீட்டில் நாலு வருஷமாக ஒரு பூனை இருக்கிறது. பெயர் பட்டு. மீன்காரம்மா தெருமுனைக்கு வருவது எங்களுக்கு முன்னாடி அதற்குத்தான் தெரியும். போன ஐப்பசி மழையில் அது இளைத்த மாதிரி தெரியவே, என் பெண் இரண்டு வேளையும் ஒரு கிண்ணம் பால் வைக்க ஆரம்பித்தாள். நானும் தடுக்கவில்லை. பூனை என்றாலே பால்தான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் ஆயிற்றே!

மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு. தண்ணியாகப் போனது. 'பாவம், தெம்பே இல்லை' என்று நான் வேறு இன்னும் கொஞ்சம் பாலை ஊற்றினேன். மறுநாள் மாடிப்படிக்குக் கீழே சுருண்டு படுத்தது, கூப்பிட்டாலும் தலை தூக்கவில்லை. காது சுட்டது. காய்ச்சல்தான் என்று நினைத்து, நாங்கள் போடுகிற பாராசிட்டமால் மாத்திரையில் கால் துண்டு உடைத்துப் பொடி செய்து வைத்தேன். என் வீட்டுக்காரர்தான், "வாயில்லா ஜீவன், எதுக்கும் டாக்டரைக் கேட்டுட்டுக் குடு" என்றார். "பூனைக்குப் போய் ஆட்டோவா?" என்று அத்தை முணுமுணுத்தார்கள். கட்டைப்பையில் துண்டு விரித்து, பட்டுவை உட்கார வைத்து, குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். 1994-லேயே ஆரம்பித்த கல்லூரி. அங்கே ஆடு, மாடுதான் பார்ப்பார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

டாக்டரம்மா பட்டுவின் கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். அது சட்டென்று படியாமல் மெதுவாக இறங்கியது. உடம்பில் நீர் வற்றியதற்கு அது அடையாளமாம். தோலுக்கு அடியில் சலைன் ஏற்றினார்கள். மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாராசிட்டமாலை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாதாம். ரத்தம் கெட்டு, ஒரே மாத்திரையில் உயிரே போய்விடலாமாம். எனக்குக் கை கால் வெலவெலத்துவிட்டது.

பாலும் அப்படித்தான். குட்டியாக இருக்கும்வரை தாய்ப்பால் செரிக்கும். வளர்ந்த பிறகு பாலில் உள்ள சர்க்கரை பல பூனைகளுக்குச் செரிக்காமல் வயிற்றைக் கலக்கிவிடுமாம்.

வீட்டுக்கு வந்து, உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் கோழிக்கறியை வேகவைத்து, எலும்பு நீக்கி, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை துளித்துளியாகக் கொடுத்தேன். வெங்காயம், பூண்டு இரண்டுமே பூனை ரத்தத்துக்கு ஆகாது. வயிறு சரியில்லை என்று நம்மைப் போல லங்கணம் போடவும் கூடாதாம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்துவிடும். குடிக்கிற தண்ணீரை அடிக்கடி மாற்றி வைத்தேன். அசுத்தம் செய்த இடத்தைப் பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் தப்பு. பூனை காலை நக்கும்போது உள்ளே போய்விடும். இப்போது சோப்புத் தண்ணீர்தான், பிறகு என் கையையும் நன்றாகக் கழுவிக்கொள்கிறேன்.

மலத்தில் ரத்தம் வந்தாலோ, வாந்தியும் சேர்ந்தாலோ, சின்னக் குட்டியாக இருந்தாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள் தோழிகளே. தடுப்பூசி போடாத குட்டிகளை ஓரிரு நாளில் கொண்டுபோகிற வைரஸ் காய்ச்சல் ஒன்று இருக்கிறதாம். பட்டுவுக்கு இத்தனை வருஷம் ஊசியே போடவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. தேறியபின் போட்டுக்கொண்டு வந்தோம்.

நாலாம் நாள் காலையில் மீன்காரம்மா குரல் கேட்டதும் பட்டு வாசலுக்கு ஓடியது. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை குழம்புக்கு உப்பு போடுமுன், "முதல்ல பட்டுவுக்கு ரெண்டு துண்டு எடுத்து வை" என்பது சாட்சாத் எங்கள் அத்தைதான்!

- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.