கரிசல் மண்ணில் ஒற்றையடிப்பாதை

விளாத்திகுளம் வட்டாரத்தில் ஒரு சிற்றூரிலிருந்து அடுத்த ஊருக்கு நீங்கள் நடந்து போவதாக வைத்துக்கொள்வோம். அடுத்த ஊரின் பனைமரங்கள் இங்கிருந்தே தெரிகின்றன. இடையில் குன்று இல்லை. நிலம் பலகை போல் கிடக்கிறது. ஆனாலும் பாதை நேரே போவதில்லை. சற்று வலப்புறம் வளைந்து செம்மண் மேட்டில் ஏறுகிறது. பின் ஓடையோரமாகத் திரும்பிக் கண்மாய்க் கரையைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்கு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பாதையை முதலில் போட்டவர்களுக்குத் திசை தெரியாமலா இருந்திருக்கும்?

காரணம் காலடியில் இருக்கிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளில் பரவியுள்ள கரிசல் மண், கோடையில் ஒரு பொருள், மழையில் வேறு பொருள். ஏப்ரல், மே மாதங்களில் அது பாளம் பாளமாக வெடித்து நிற்கும். வெடிப்புகள் பல செ.மீ. அகலமும், சில இடங்களில் ஒரு மீட்டர் வரை ஆழமும் உடையவை. ஐப்பசி மழை விழுந்ததும் அதே மண் உப்பி, வெடிப்புகளை மூடி, பசை போலாகிவிடும். அப்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பத்தடி வைப்பதற்குள் பாதத்தின் அடியில் இன்னொரு பாதம் முளைத்தது போல் மண் அப்பிக்கொள்ளும்.

ஏன் இப்படி? கரிசலில் உள்ள களிமண்ணில் பெரும்பகுதி ‘மாண்ட்மோரில்லோனைட்’ என்னும் கனிம வகையைச் சேர்ந்தது. சீட்டுக்கட்டு போல மிக மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்தது இக்கனிமம். ஒரு தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான். தகடுகளுக்கு இடையிலான பிணைப்பு வலுவற்றது. ஆகவே நீர் எளிதில் உள்ளே புகுந்து தகடுகளை விலக்குகிறது, மண் பருக்கிறது. வெயிலில் நீர் வெளியேறினால் தகடுகள் நெருங்குகின்றன. மண் சுருங்கி வெடிக்கிறது. இத்தகைய களிமண் ஒரு கிராமில் உள்ள தகடுகளின் மொத்தப் பரப்பு 700 முதல் 800 சதுர மீட்டர். அதாவது ஒரு சிட்டிகை மண்ணுக்குள் ஏறக்குறைய 20 செண்ட் நிலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது! அவ்வளவு பரப்பிலும் நீர் ஒட்டிக்கொள்வதால்தான் மழை நின்று பல வாரங்களான பின்னும் மானாவாரிப் பருத்தி தாக்குப்பிடிக்கிறது.

செம்மண்ணின் கதை வேறு. இங்குள்ளவர்கள் அதைச் ‘செவல்’ என்பார்கள், எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பிறந்த இடைசெவல் என்னும் ஊரின் பெயரிலேயே அச்சொல் இருக்கிறது. செவலில் மிகுதியாக உள்ள ‘கயோலினைட்’ களிமண்ணின் தகடுகள் இறுகப் பிணைந்தவை. நீர் இடையே புகாது. ஒரு கிராமுக்குப் பரப்பு 10 முதல் 20 சதுர மீட்டர்தான். எனவே செவல் உப்புவதில்லை. மழை பெய்த மறுநாளே அதன்மேல் காலூன்றி நடக்கலாம். பாதை ஏன் செம்மண் மேட்டைத் தேடிப் போகிறது என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

கறுப்பு நிறத்தைப் பார்த்து இம்மண்ணில் மக்கு நிறைய இருக்கும் என்று நினைப்பவர் பலர். அது சரியன்று. பெரும்பாலான கரிசல் நிலங்களில் கரிமப் பொருளின் கரி அளவு நூற்றுக்கு ஒரு பங்குகூட இருப்பதில்லை. தக்காணத்துக் கரிசல் எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து வந்தது என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். நம் பகுதியில் அப்பாறை கிடையாது. இங்கே பழைமையான நைஸ் வகைப் பாறைகள் சிதைந்தன. மழை குறைவு, நிலம் தாழ்வு. ஆகவே சுண்ணமும் மக்னீசியமும் அடித்துச் செல்லப்படாமல் தங்கின. அந்தச் சூழலில் இக்களிமண் உருவாயிற்று. கிணறு தோண்டும்போது கரிசலுக்கு அடியில் வெளிப்படும் சுக்கான் கல், அப்படித் தங்கிய சுண்ணம்தான்.

பாதை ஏறும் கண்மாய்க் கரைக்கு வருவோம். ஏரியும் காடும் மலையும் சூழ்ந்த நடைபாதை என்றால் ஸ்காட்லாந்தைச் சொல்வார்கள். அங்கு 1980-இல் திறக்கப்பட்ட மேற்கு மேட்டுநிலப் பாதை 154 கி.மீ. நீளமுள்ளது, லோமண்ட் ஏரிக்கரை வழியே செல்கிறது. அந்த ஏரிகளைக் குடைந்தவை பனியாறுகள். நம் கண்மாய்களைக் கட்டியவை மனிதக் கைகள். ஆண்டுக்குச் சுமார் 700 மி.மீ. மழை, அதிலும் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். முதல் மழை நீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. வெடிப்புகள் மூடியபின் கரிசல் நீரை உள்ளே விடுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். மிச்ச நீர் ஓடையில் ஓடிக் கண்மாயைச் சேருகிறது. கண்மாயின் அடித்தளமும் களிமண் என்றால் அது தானாகவே அடைத்துக்கொண்டு நீரைத் தேக்கும். சுற்றிலும் சேறாயிருக்கும் அந்நாட்களில் உயர்ந்த கரை ஒன்றே நடக்கத் தக்கது. எனவே கரை என்பது அணை மட்டுமன்று, மழைக்காலச் சாலையுங்கூட.

காடு? கரிசல்காரர் “காட்டுக்குப் போகிறேன்” என்றால் தம் புஞ்சைக்குப் போகிறார் என்று பொருள். மரக்காடும் மலையும் வேண்டுமானால் கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் இடையில் குருமலைக் காப்புக்காடு இருக்கிறது. வனத்துறையின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். கழுகுமலையிலோ 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, குடைந்து முடிக்கப்படாத வெட்டுவான் கோவிலையும் சமணச் சிற்பங்களையும் பார்த்தபடி பாறையேறலாம். டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை நடப்பதற்கு ஏற்ற காலம். கோடையில் கரிய தரை வெயிலை விழுங்கி 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும். வெடிப்புக்குள் கை விடாதீர்கள். தேளும் சுருட்டை விரியனும் அங்கே ஒதுங்கியிருக்கக்கூடும்.

கரிசலுக்கு இன்னொரு குணம் உண்டு. வேறு மண்ணில் பல தலைமுறை மிதித்து இறுகிய தடம் நெடுங்காலம் நிலைக்கும். கரிசலோ ஆண்டுதோறும் வெடித்து, உதிர்ந்து, உப்பித் தன்னைத் தானே உழுதுகொள்கிறது. நடப்பவர் நின்றுவிட்டால் சில பருவங்களிலேயே தடம் மங்கிப்போகும். போதாக்குறைக்குச் சீமைக்கருவேல். அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த இம்மரத்தின் இனிப்பான காய்களை ஆடுமாடுகள் விரும்பித் தின்கின்றன. செரிக்காத விதைகள் சாணத்தோடும் புழுக்கையோடும் விழுகின்றன. மந்தை நடந்த பாதையின் ஓரத்திலேயே முள் முளைத்துப் பாதையை அடைப்பது வேடிக்கைதான். மீதியை டிராக்டர் கலப்பையும் கம்பி வேலியும் பார்த்துக்கொள்கின்றன. பேருந்து வந்தபின் பாதை எதற்கு என்று கேட்கலாம். பேருந்து ஊருக்குப் போகும், புஞ்சைக்குப் போகாது. பாதை அடைபட்டால் உட்புறத்துப் புஞ்சைக்காரர் விதையையும் எருவையும் எந்த வழியாகக் கொண்டுபோவார்?

சட்டமும் இதில் மண்ணைப் போலவே நடந்துகொள்கிறது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, தனியார் நிலத்தின் ஊடே 20 ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு நடந்து வந்தால் வழியுரிமை உண்டாகும். அப்படிப் பெற்ற உரிமையை 20 ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் அது அற்றுப்போகும். புறம்போக்கில் உள்ள வண்டிப்பாதைகள் இதில் சேரா. அவை கிராம வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் அவ்வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். அதில் உள்ள பாதைகளில் எத்தனை இன்று தரையில் இருக்கின்றன என்று ஒரு விடுமுறை நாளில் நடந்தே கணக்கெடுத்துவிடலாம். வளைவு வரும் இடங்களில் குனிந்து மண்ணின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.