தண்டுவடமும் உடற்பயிற்சியும்

விடுமுறையில் ஊருக்குச் சென்று தேர்த் திருவிழாவைக் கண்டவர்களுக்கு, தேரை இழுக்கும் பருத்த கயிறு நினைவிருக்கும். அதற்கு வடம் என்று பெயர். பல புரிகளை முறுக்கிச் செய்த கயிறே வடம். நம் முதுகெலும்பின் உள்ளே, மூளையிலிருந்து இடுப்பை நோக்கி இறங்கும் நரம்புக் கற்றைக்கும் தண்டுவடம் என்றே தமிழில் பெயர் அமைந்துள்ளது. பெயரிட்டவர் நன்றாகவே எண்ணிப் பார்த்திருக்கிறார். சுண்டுவிரல் அளவு தடிமனும் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட இவ்வடத்திலிருந்து 31 இணை நரம்புகள் பிரிந்து உடலுக்குள் பரவுகின்றன. 'கையை உயர்த்து' என்னும் மூளையின் கட்டளை இதன் வழியே இறங்குகிறது; 'சுடுகிறது' என்னும் பாதத்தின் செய்தி இதன் வழியே ஏறுகிறது.

தேர்வடம் அறுந்தால் முடிச்சிட்டு மீண்டும் இழுக்கலாம். தண்டுவடத்துக்கு அது இயலாது. சாலை விபத்தாலோ, மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுவதாலோ முள்ளெலும்பு உடைந்து வடத்தை நசுக்கினால், அவ்விடத்துக்குக் கீழே செய்திப் போக்குவரத்து குறைகிறது அல்லது முற்றிலும் நின்றுவிடுகிறது. காயம் எந்த மட்டத்தில் உள்ளது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். கழுத்தின் மேற்பகுதியில் காயம் என்றால் மூச்சை இயக்கும் உதரவிதானமே செயலிழக்கக்கூடும். கழுத்தின் கீழ்ப்பகுதியில் என்றால் முழங்கையை மடக்க இயலலாம். விரல்கள் இயங்குவது அரிது. மார்பு மட்டத்தில் என்றால் கைகள் முழு வலிமையுடன் இருக்கும், கால்கள் இயங்கா.

இங்கே ஒன்றைக் கூறிவிட வேண்டும். விபத்தில் விழுந்தவரைப் பலர் சேர்ந்து தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி அமர்த்தும் காட்சியை நம் நாட்டு நகரங்கள் எல்லாவற்றிலும் காணலாம். நோக்கம் நல்லதே. ஆனால் உடைந்த எலும்பு அசைந்து, அதுவரை தப்பியிருந்த வடத்தையும் அப்போது வெட்டிவிடக்கூடும். தீ, நீர், விரையும் வண்டிகள் போன்ற உடனடி ஆபத்து இல்லையெனில், கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் அவரை அங்கேயே படுத்திருக்கச் செய்து, 112 என்னும் எண்ணை அழைப்பதே சரி.

கால்கள் அசையாமை எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத மாற்றங்கள் பல உடலுக்குள் நிகழ்கின்றன. உடற்பயிற்சியைப் பற்றி எண்ணும்போது அவையே முதன்மையானவை.

மாணவர்களே, மணிக்கட்டில் விரல் வைத்து உங்கள் நாடித் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள். பிறகு மைதானத்தை இருமுறை சுற்றி ஓடி வந்து மீண்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை வெகுவாக உயர்ந்திருக்கும். உங்கள் வயதில் முழு வேகத்தில் ஓடினால் அது 200-ஐ நெருங்கும். இதயத்தை இருவகை நரம்புகள் ஆள்கின்றன. ஒன்று துடிப்பை விரைவுபடுத்துவது, மற்றொன்று தணிப்பது. தணிக்கும் நரம்பு மூளையிலிருந்து நேரே இதயத்துக்குச் செல்கிறது. விரைவுபடுத்தும் நரம்போ தண்டுவடத்தின் வழியே இறங்கி, மார்பின் மேற்பகுதியில் பிரிந்து இதயத்தை அடைகிறது. ஆகவே கழுத்தில் முழுமையான காயம் உற்றவருக்குத் தணிக்கும் நரம்பு மட்டுமே மூளையின் பிடியில் எஞ்சுகிறது. அதன் பிடியைத் தளர்த்தித் துடிப்பை ஓரளவு கூட்ட முடியும். அதற்கு மேல் தூண்ட வழியில்லை. எவ்வளவு கடுமையாக உழைத்தாலும் பெரும்பாலும் 110 முதல் 130 வரையில் துடிப்பு நின்றுவிடும். எனவே அவர் போதிய அளவு பயிற்சி செய்கிறாரா என்பதை நாடியைக் கொண்டு அளக்க இயலாது. எவ்வளவு கடினமாக உணர்கிறார், இடையே பேச முடிகிறதா என்பவற்றைக் கேட்டே பயிற்சியாளர் கணிக்கிறார்.

நாம் நடக்கும்போது காலின் தசைகள் சுருங்கி, குருதியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. செயலிழந்த கால்களில் இவ்வேலை நடைபெறாது. குருதி கீழேயே தேங்குவதால், நெடுநாள் படுத்திருந்தவர் எழுந்து அமர்ந்ததும் தலைசுற்றி மயங்குவார். இதனால்தான் இயன்முறை மருத்துவர்கள் சாயும் மேசையில் படுக்கவைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நிமிர்த்துகிறார்கள்.

வியர்வையும் அப்படியே. காயத்துக்குக் கீழே மூளை சொல்லி வியர்ப்பது இல்லை. நாகபுரியிலோ ஜெய்ப்பூரிலோ கோடையைக் கழிக்கும் உங்களுக்கு, வியர்வை இல்லையென்றால் உடல் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் காலையிலோ நிழலிலோதான் பயிற்சி செய்ய வேண்டும். தோலின்மீது நீரைத் தெளித்து, வியர்வை செய்யும் வேலையை நீர் செய்யுமாறு விடுவதும் உண்டு.

மார்பின் ஆறாம் முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவர்களுக்கு வேறோர் ஆபத்தும் இருக்கிறது. சிறுநீர்ப்பை நிரம்பினாலோ, இறுக்கமான உடை அழுத்தினாலோ, அவர் அதை உணரமாட்டார். ஆனால் உடல் உணரும். இரத்த அழுத்தம் திடீரெனத் தாறுமாறாக ஏறும். கடுந்தலைவலியும் முகத்தில் வியர்வையும் தோன்றும். உடனே அவரை நிமிர்ந்து அமரச் செய்து, இறுக்கங்களைத் தளர்த்தி, காரணத்தைத் தேடி நீக்க வேண்டும். மருத்துவரையும் அழைக்க வேண்டும். இவ்வழுத்த உயர்வு வேகத்தைக் கூட்டும் என்பதற்காகப் போட்டிக்கு முன் வேண்டுமென்றே இதனை வரவழைத்துக்கொண்ட வீரர்களும் உண்டு. உயிருக்கே கேடு என்பதால் பன்னாட்டுப் பாராலிம்பிக் குழு இதனைத் தடை செய்துள்ளது.

இவ்வளவு இடர்கள் இருக்கையில் படுக்கையே பாதுகாப்பு என்று தோன்றலாம். மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியது. அதன் விளைவு, படுக்கைப்புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர். இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் லுட்விக் கட்மன். ஜெர்மனியில் பிறந்த யூத நரம்பியல் மருத்துவரான இவர், நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939-இல் இங்கிலாந்து சென்றார். 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தார். இரவிலும் இது தவறவில்லை. பிறகு பந்தையும் வில்லையும் அவர்கள் கையில் கொடுத்தார். விளையாட்டை அவர் பொழுதுபோக்காகக் கருதவில்லை, மருந்தாகவே கருதினார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அம்மருத்துவமனையில் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். பாராலிம்பிக்கின் வேர் அதுவே.

நம் நாட்டில் வேலூரை முதலில் குறிப்பிட வேண்டும். கேரளத்தில் பிறந்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக வழிவகுத்தார். தில்லியில் வாழும் மாணவர்கள், வசந்த் குஞ்சில் உள்ள இந்தியத் தண்டுவடக் காய மையத்தைக் கண்டிருக்கலாம். அதனை நிறுவிய மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா, 1965 மே மாதம் எவரெஸ்ட் சிகரம் ஏறியவர். அதே ஆண்டு நடந்த போரில் குண்டு பாய்ந்து தண்டுவடம் காயமுற்றவர்.

எவ்வளவு பயிற்சி வேண்டும்? 2018-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதலின்படி, உடல்திறன் பெற வாரத்துக்கு இருமுறையேனும், ஒவ்வொரு முறையும் 20 நிமிடம், மூச்சு வாங்கும்படியான பயிற்சி வேண்டும். இயங்கும் தசைகளுக்கு வலிமைப் பயிற்சியும் வாரம் இருமுறை வேண்டும். இதயநலத்துக்கு இன்னும் சிறிது கூட, வாரம் மூன்று முறை 30 நிமிடம். படிக்க எளிதாகத் தோன்றும். ஆனால் கால்களின் பெருந்தசைகள் செய்யவேண்டியதைக் கைகளின் சிறுதசைகளே செய்கின்றன என்பதை மறத்தலாகாது.

தோள்தான் அவர்களுக்குக் கால். சக்கரத்தை உருட்டுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு உடலைத் தூக்கி மாற்றுவது, படுக்கைப்புண் வாராதபடி இடையிடையே நாற்காலியிலிருந்து உடலை உயர்த்துவது ஆகிய எல்லாம் தோளின்மேல் விழுகின்றன. அதனால் தோள்வலி மிகப் பரவலாக உள்ளது. முன்புறத் தசைகள் தள்ளித் தள்ளி இறுகிவிடுவதால், இழுக்கும் பயிற்சியால் பின்புறத் தசைகளுக்கு வலுவூட்டுகிறார்கள். சக்கரத்தைக் குறுகிய பல தள்ளல்களால் ஓட்டாமல், நீண்ட, சீரான தள்ளல்களால் ஓட்டக் கற்பிக்கிறார்கள்.

நீச்சல் பலருக்கு ஏற்றது. உடலின் எடையை நீர் தாங்குகிறது. உடல் சூடேறாமலும் காக்கிறது. 1965 போரில் குண்டுக்காயம் பட்டு இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்த முர்லிகாந்த் பேட்கர், அதற்கு முன் படையில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். காயத்துக்குப் பின் நீச்சலுக்கு வந்தார். 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டரை 37.33 நொடியில் நீந்திக் கடந்து, இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தைப் பெற்றார்.