பொதுப் பேரேடும் நமது சங்கமும்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி அதன் பேரேடே. விழுப்புரத்தை அடுத்த சிறுவந்தாட்டில் நெய்யப்படும் பட்டுச்சேலையானாலும், திண்டிவனம் பகுதியில் விளையும் மணிலாக் கொட்டையானாலும், ஏட்டில் ஏறிய கணக்கைக் கொண்டே கூலியும் விலையும் தீர்மானமாகின்றன. அந்த ஏடு ஒரே அலமாரியில், ஒருவர் சாவியில் இருக்குமாயின், ஓர் இலக்கத்தைத் திருத்துவது எளிது, கண்டுபிடிப்பது அரிது. இக்குறைக்கு மருந்தெனப் பேசப்படும் பிளாக்செயின் முறையை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலமெனக் கருதுகிறோம்.

இம்முறையில் ஒரே பேரேட்டின் படிகள் பல கணினிகளில் இருக்கும். அவை ஒன்றோடொன்று நேரே தொடர்புகொண்டு கணக்கை ஒப்புநோக்கும். பதிவுகள் கட்டுக்கட்டாகச் சேரும். ஒவ்வொரு கட்டும் முந்திய கட்டிலிருந்து கணக்கிட்டெடுத்த முத்திரை எண்ணைத் தாங்கி நிற்கும். பழைய பதிவில் ஓர் எழுத்து மாறினும் முத்திரை பொருந்தாது. மற்றப் படிகள் காட்டிக்கொடுத்துவிடும். 2009இல் பிட்காயின் இம்முறையில்தான் இயங்கத் தொடங்கியது.

இதனை ஒவ்வொருவரும் அடியிலிருந்து அமைக்க வேண்டுவதில்லை. தச்சர் தறியைச் செய்து தர, கரையையும் புட்டாவையும் நெசவாளர் தீர்மானிப்பதுபோல, ஆயத்தச் சட்டகங்கள் உள்ளன. 2015 டிசம்பரில் லினக்ஸ் அறக்கட்டளை அறிவித்த ஹைப்பர்லெட்ஜர் திட்டத்தில் வளர்ந்த ‘ஃபேப்ரிக்’ அத்தகையது. துணி என்றே பொருள்படும் பெயர்! உரிமக் கட்டணமின்றி எவரும் எடுத்தாளலாம். பிட்காயினில் முன்பின் அறியாதாரும் சேரலாம். ஃபேப்ரிக்கிலோ அனுமதி பெற்றோர் மட்டுமே. எப்பதிவுக்கு எவரெவர் ஒப்புதல் வேண்டும் என்பதையும், சங்கத்தின் துணைவிதிபோல, முன்னரே விதித்துவிடலாம். சங்கமும் வங்கியும் கொள்முதல் செய்வோரும் தத்தம் படியை வைத்து, மூவரும் ஒப்பினாலன்றிப் பதிவு செல்லாது எனவும் ஏற்பாடு செய்யலாம்.

தமிழக அரசு 2020 செப்டம்பரில் பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. மத்திய அரசு 2024 செப்டம்பர் 4ஆம் நாள் ‘விஸ்வஸ்யா’ என்னும் தொழில்நுட்பத் தொகுப்பை வெளியிட்டது. புவனேசுவரம், புனே, ஐதராபாத் ஆகிய 3 நகரங்களின் தரவு மையங்களில் அது பரவியுள்ளது. அதன் ஆக்கத்தில் சென்னை செட்ஸ் நிறுவனத்துக்கும் பங்குண்டு. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு 2022 ஜூனிலேயே மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அது பிளாக்செயின் அன்று. ஆயினும் நமது ஏடுகள் கணினிக்கு மாறும் காலம் இது.

ஒன்றை மறத்தலாகாது. தராசில் 40 கிலோ நின்றதை 38 என்று முதலிலேயே பதிந்தால், இம்முறை அப்பொய்யையும் அழியாமல் காக்கும். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று எழுதினாலும் அவ்வாறே. படிகள் அனைத்தும் ஒருவர் வசமே இருப்பின், பல படிகள் வைத்தும் பயனில்லை.

ஆகவே, இத்தகைய ஏற்பாடு நம் சங்கத்துக்கு வருமாயின், பொதுப் பேரவையில் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். படிகள் எவரெவர் வசம் இருக்கும்? முதற்பதிவை எவர் சரிபார்ப்பர்? முதல் வினாவுக்கு விடையைச் சட்டகத்தில் அமைத்துவிடலாம். இரண்டாவதற்கு விடை, தராசருகே நின்று எடையைப் பார்த்து, ரசீதை வாசித்து வாங்கும் அங்கத்தினரே.