மதராசுக்கு மூத்த ஊர்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே திருவொற்றியூரைக் கடப்பவர்கள் அதை ஆலைகளின் ஊராகத்தான் அறிவார்கள். ஆனால் 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி மதராசில் இடம் வாங்கியபோதே இவ்வூர் ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டிருந்தது. அப்பரும் சம்பந்தரும் ஏழாம் நூற்றாண்டில் பாடிய தலம் இது.

தியாகராஜர் கோயிலில் பல்லவர், சோழர், ராஷ்டிரகூடர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நின்று படிக்க வேண்டும். 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசர் ராஜாதித்தர் மாண்டார். கேரளத்திலிருந்து வந்து அவருக்கு நெருங்கியவராக இருந்த வல்லபன் என்பவர் அப்போது களத்தில் உடனில்லை. உடன் சாகாமல் போனோமே என்ற துயரம் அவரைத் தின்றது. கங்கையில் நீராடித் துறவு பூண்டு, திருவொற்றியூருக்கு வந்து நிரஞ்சன குருவிடம் தீட்சை பெற்று, சதுரானன பண்டிதர் என்ற பெயருடன் மடத்தின் தலைவரானார். இதைச் சொல்லும் கல்வெட்டு, ராஜாதித்தரைக் கொன்ற படைக்கு உரிய ராஷ்டிரகூட மன்னரான மூன்றாம் கிருஷ்ணரின் ஆட்சியாண்டைத் தாங்கி நிற்கிறது! வென்றவர் ஆட்சியில், தோற்றவருக்காக அழுத நண்பரின் கதையைக் கல்லில் வெட்ட இவ்வூரில் இடமிருந்தது.

பிறகு முதலாம் ராஜேந்திர சோழர் காலத்தில், ரவி என்கிற வீரசோழத் தச்சன் கருங்கல்லால், பின்புறம் யானை முதுகுபோல் வளைந்த தூங்கானை மாடக் கருவறையைக் கட்டினார். பாணினி இலக்கணம் கற்பிக்க இங்கே வியாகரண தான மண்டபமே இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜாதிராஜர், சுந்தரர் வரலாற்றைக் கேட்க இந்தக் கோயிலுக்கு வந்தார். சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊரல்லவா!

1708இல் நவாப் தாவூத் கான் கம்பெனிக்குக் கொடுத்த ஐந்து கிராமங்களில் திருவொற்றியூரும் ஒன்று. அதற்குப் பிறகும் பாட்டு ஓயவில்லை. வீணை குப்பையரைப் பார்க்க வந்த தியாகராஜ சுவாமிகள் இங்குள்ள வடிவுடையம்மனான திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலார், வடிவுடையம்மனைத் தேடி நடந்தே வந்துபோனார்.

இருபதாம் நூற்றாண்டு ஆலைகளைக் கொண்டுவந்தது. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல் இங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்துதான் தொடங்கியது. இந்தியாவில் புல்லட் மோட்டார் சைக்கிள் தயாரிப்பு தொடங்கியதும் இங்கேதான். தீப்பெட்டி ஆலையின் பெயரைத் தாங்கிய விம்கோ நகருக்கு 2021இல் மெட்ரோ ரயில் வந்தது.

இவ்வூரின் கடற்கரையும் மாறியது. 1875க்குப் பின் சென்னைத் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டு, வடக்கே போகும் மணலைத் தடுத்தன. மெரினா அகலமானது; ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது. மீனவர் தெருக்கள் பல கடலுக்குள் போயின. இப்போது கருங்கல் தடுப்பும் தூண்டில் வளைவுகளும்தான் மிச்சமிருக்கும் வீடுகளைக் காக்கின்றன.